நாலு நிமிஷம்

ஓசூர் ஃபேக்டரியில் எபினேசர் டைம் ஆபீஸ் கிளார்க். கேட்டில் உள்ள வருகைப்பதிவு மெஷினில் கார்டு தேய்க்காதவர்களுக்கு, காலை என்றால் 8.30, மாலை என்றால் 5.30 என்று தானாகவே போட்டுப் பிழையைச் சரிசெய்யும் புரோகிராம் அவர் எழுதியது. மறதியில் முதல் ஆளும் அவரே. பேக்கிங்கில் வேலை செய்த மனைவி வின்சிதான் 5.30க்கு வேலை முடிந்து, நாலு நிமிஷம் நடந்து கேட்டுக்கு வந்து, இருவர் கார்டையும் தேய்ப்பாள். அவள் இறந்து எட்டு மாதம். அதன்பின் அவருக்குத் தினமும் 5.30தான்.

திங்கட்கிழமை காலை, பட்டியலில் அவருக்கு 5.34 என்றிருந்தது. 5.30 என்று மாற்றினார். மறுநாளும் 5.34.

புதன் மாலை, மறக்காமல் 5.30க்குத் தானே தேய்த்தார். வியாழன் காலை ஒரே ஒரு பிழைதான் வந்திருந்தது. வின்சி, வெளியே போனது 5.34, உள்ளே வந்த நேரம் இல்லை. புரோகிராம் அதற்கு 8.30 போட்டுச் சரிசெய்திருந்தது.

அன்று மாலை அவர் கார்டை மெஷின் மேலேயே வைத்துவிட்டு நடந்தார்.

"தேய்க்காம போறீங்களே சார்?" என்றார் வாட்ச்மேன் சூசை.

"தேய்க்க ஆளு இருக்குதுப்பா."

வெளியே ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, பின்சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே மெஷின் இரண்டு முறை கத்தியது. கொஞ்ச நேரத்தில் வண்டியின் பின்பக்கம், ஒருபுறமாக, லேசாக இறங்கியது.