எல்லா வைரஸுக்கும் ஒரு டெஸ்ட்

"எனக்கு எல்லா வைரஸுக்கும் டெஸ்ட் எடுங்க தம்பி" என்று கையை நீட்டிக்கொண்டு என் லேப்பில் வந்து உட்கார்ந்தார் ஜெராக்ஸ் கடை அக்கா.

"எல்லாத்துக்கும் சேர்த்து அப்படி ஒரு டெஸ்ட்டே கிடையாதுக்கா. உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லை. தெருவுக்குத்தான் வியாதி. எனக்கு ஏதோ வைரஸாம், நான் குடுக்கிற பேப்பர்ல ஒட்டிக்கிட்டு வருதாம். மூணு வாரமா கடையில ஈ காக்கா இல்லை. இந்த மாசமும் இப்படியே போனா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு வருஷமாகக் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். என் தெருவிலேயே இப்படியா?

"எவன்க்கா கிளப்பிவிட்டது?"

"யாரோ. விடுங்க தம்பி. ஒண்ணுமில்லைன்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க, கடை வாசல்ல ஒட்டணும்."

"பெரிய ஆஸ்பத்திரியில வாங்கினா இன்னும் மதிப்பா இருக்குமே?"

"வேண்டாம். உங்க கையெழுத்துதான் வேணும்."

மஞ்சள் காமாலை வைரஸுக்கு ரத்தம் எடுத்தேன். எடுக்கும்போது சும்மா இருக்கிற வாயா இது?

"வைரஸ் தனியா கிடந்தா வெறும் தூசிக்கா. இன்னொரு உடம்புல புகுந்தாத்தான் அதுக்கு ஆட்டம். வதந்தியும் அப்படித்தான். முதல் வாயைப் பிடிச்சா எல்லாம் அடங்கும்."

"அதுக்கு மருந்து?"

"வைரஸுக்குத் தடுப்பூசி. அதையும் பெரும்பாலும் அந்தக் கிருமியிலேர்ந்தேதான் செய்வாங்க."

"அப்படியா?" என்று சிரித்துக்கொண்டே போனார் அக்கா.

எனக்கு ஆள் யாரென்று அப்போதே தெரிந்துவிட்டது. தெருக்கோடியில் புதுசாக ஒருவன் பிரிண்ட் கடை போட்டிருக்கிறான். அவனைத் தவிர யாருக்கு லாபம்? முகத்தைப் பார்த்தாலே தெரியும், திருட்டு முழி. சாட்சியோடு பிடிக்கலாம் என்று முதலில் சலூனுக்குள் நுழைந்தேன்.

"அந்தம்மாவுக்கு ஈரலே அரிச்சுப்போச்சாமே?" என்றார் சலூன்காரர்.

"யார் சொன்னது? பிரிண்ட் கடைக்காரனா?"

"சேச்சே, தையல்கார அம்மா. என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க."

தையல்கார அம்மா மிஷினை நிறுத்தினார். "ஈரலா? அய்யோ, என் வாயில அந்த வார்த்தையே வரலைங்க. பேப்பரைத் தொட்டா ஒட்டிக்கும்னுதான் சொன்னேன். லாண்டரிக்காரர் என்கிட்ட மட்டும் சொன்னது."

போகப் போக வியாதி குறைந்துகொண்டே வந்தது.

"பேப்பரா? நான் எதுக்குப் பேப்பரைச் சொல்றேன்?" என்றார் லாண்டரிக்காரர். "அங்க வைரஸ் இருக்கு, ஒட்டிக்கும்னு கேள்விப்பட்டேன். அவ்வளவுதான்."

"பிரிண்ட் கடைக்காரன்தானே சொன்னான்? பயப்படாம சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்க வீட்டம்மா சார்."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேனோ தெரியாது. "அடுத்தவங்க பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டிருக்கியே!" என்று வாசலிலேயே கத்தினேன்.

என் மனைவி அசரவில்லை.

"நல்லா இருக்கே! நீங்கதானே சாப்பிட்டுக்கிட்டே சொன்னீங்க? 'அந்த ஜெராக்ஸ் கடைப்பக்கம் போயிடாதே, அங்க வைரஸ் இருக்கு, ஒட்டிக்கும்'னு. லேப்ல வேலை பார்க்கிற மனுஷன் சொன்னா, நான் நம்பாம என்ன பண்ணுவேன்?"



சொன்னேன்தான். அன்றைக்குப் பிரிண்ட் எடுக்க அக்கா கடையில் என் பென்டிரைவைக் கொடுத்திருந்தேன். அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகியதும் அங்கே ஒட்டிக்கொண்ட வைரஸ் புகுந்து போட்டோ எல்லாம் காலி. அந்த எரிச்சலில் பொரிந்து தள்ளினேன். பென்டிரைவ் என்கிற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் ரிப்போர்ட்டை நானே கொண்டுபோனேன். ஆள் இல்லாத கடையில் அக்கா மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

"அக்கா... அந்த முதல் வாய்..."

"தெரியும் தம்பி. லாண்டரிக்காரர் முதல் வாரமே சொல்லிட்டார். உங்க பென்டிரைவ் ஞாபகம் வந்து, கம்ப்யூட்டரையும் அன்னைக்கே சுத்தம் பண்ணிட்டேன்."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்தீங்க? நடுத்தெருவுல நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?"

"கேட்டிருந்தா, 'ஊரார் வியாதியை வெளியில சொல்ற லேப்'னு உங்க கடையும் காலியாயிருக்கும். அதுல எனக்கென்ன வந்துடப் போகுது?"

அடியில் என் கையெழுத்து இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார் அக்கா.

"தடுப்பூசியை அந்தக் கிருமியிலேர்ந்தேதான் செய்யணும்னு நீங்கதானே சொன்னீங்க தம்பி?"