மனுஷங்க யாரும் இல்லையா?

ரிட்டயர்டு ஹெட்கிளார்க் வாஷிங்மெஷின் கம்பெனிக்கு போன் போட்டார்.

"வணக்கம் சார். உங்க சிரமத்துக்கு முதல்ல மன்னிப்பு கேட்டுக்கறேன்..." பெண்குரல் தேனாய் ஒழுகியது.

"இந்த மெஷின் பேச்செல்லாம் எங்கிட்ட வேணாம். மனுஷங்க யாராவது இருந்தா கொடு!"

"சார், நான் வந்து..."

"யாருக்குக் காது குத்தற? கொடுன்னா கொடு!"

லைன் மாறியது.

"ம்... என்னங்க? இப்பதான் சாப்பிட உட்கார்ந்தேன். சரி, சொல்லித் தொலைங்க." கூடவே ஓர் இருமல்.

அவர் முகம் மலர்ந்தது. புகார் கொடுத்துவிட்டு, பேசியவருக்கு ஐந்து ஸ்டாரும் போட்டார்.

"பாத்தியா? என்னை ஏமாத்த முடியுமா?" என்றார் மனைவியிடம்.

அங்கே கம்பெனியில், முதலில் பேசியவளிடம் மேனேஜர் சொன்னார்:

"இன்னைக்கும் அந்தப் பேசற மெஷினுக்குத்தான் அஞ்சு ஸ்டார். நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா."

ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"அதுக்குச் சலிச்சுக்கவும் இருமவும் கத்துக்கொடுத்ததே நான்தானே சார்!"