ஃபேனில் சேரும் பஞ்சு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பரணிக்கு இது ஒரு வேலை. ராயபுரத்து வீட்டின் முன்னறையில் பனியன் தைக்கிற இரண்டு ஓவர்லாக் மெஷின்கள், மூலையில் கம்ப்யூட்டர். வாரம் முழுக்கப் பறக்கிற பனியன் பஞ்சு அதன் ஃபேனில் போய் அடைத்துக்கொள்ளும். பெட்டியைக் கழற்றி பிரஷ்ஷால் சுரண்டாவிட்டால் சூடேறி அணைந்துவிடும்.

அந்தப் பஞ்சு, தைத்து முடித்த துணியின் நிறத்தில் இருப்பதில்லை. திங்களன்று கம்பெனியிலிருந்து தைக்க வரப்போகும் துணியின் நிறத்தில் இருக்கும். முதலில் அவனும் மனைவி சத்யப்பிரியாவும் பயந்தார்கள். பிறகு அவள் அதைப் பார்த்தே முன்கூட்டி நூல் மாற்றிவைக்கத் தொடங்கினாள். திங்கட்கிழமை அலுப்பு கொஞ்சம் குறைந்தது.

இன்றும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பெட்டியைக் கழற்றினான்.

"ஏனுங்க, என்ன கலருங்க?" மெஷின் பக்கமிருந்து கேட்டாள்.

டார்ச் அடித்துப் பார்த்தான். வாரம் முழுக்க இரண்டு மெஷினும் ஓடியும் துளிப் பஞ்சு இல்லை, எந்த நிறத்திலும். ஃபேன் இறக்கைகள் கடையில் வாங்கிய அன்று போலப் பளபளத்தன. பெட்டியை மூடி சுவிட்சைப் போட்டான். கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் உடனே ஆன் ஆனது.

"சொல்லுங்க, என்ன கலரு?"

அவன் திரும்பினான். இரண்டு மெஷினிலும் போன வார நூலை அவள் கழற்றி முடித்திருந்தாள்.