காட்டெருமை வீட்டுக் கல்யாணம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் அவலாஞ்சி அணை வற்றிப்போகட்டும். பொங்கலன்று மதியம் கூடலூரிலிருந்து மகள் இசக்கியம்மா போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்கப்பா, தனியாவா சாப்பிட்டீங்க?"

"தனியாவா? காட்டெருமை ராஜா ஊட்டுல கல்யாணம். வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டாங்க. மாப்பிள்ளைக்குப் பக்கத்து எல எனக்குத்தான். கரடி தேன் பாயசம் ஊத்துச்சு."

"பொங்கலன்னைக்கு யாருங்க கல்யாணம் வெப்பாங்க?"

"காட்டுல பஞ்சாங்கம் வேற, கண்ணு."

"என்னை மட்டும் உட்டுட்டீங்களே!"

"மறுவீட்டு விருந்து நாளைக்குத்தான். யானை பந்தல் போட்டுட்டு இருக்குது."

"அப்ப இப்பவே பஸ் ஏறிர்றனுங்கப்பா!"

உடனே இரண்டாவது தட்டைக் கழுவித் துடைத்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது.