காலியாக விட்ட கட்டம்

அமெரிக்காவில் ஒரு சின்ன வங்கியின் ஜன்னல் வெயில் அப்பாவின் முகத்தில் விழுகிறது. பேக்கரி வேலை முடிந்து, குளித்து, சட்டை மாற்றி வந்திருக்கிறார். வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் இனம் கேட்கும் கட்டத்தை மட்டும், எதை எழுதினால் கடன் கிடைக்காமல் போகுமோ என்று காலியாக விட்டிருக்கிறார். “சின்ன பேங்க்குன்னு போன வருஷம் வரைக்கும் விலக்கு இருந்துச்சு, கண்ணு. இப்ப எல்லா விவரமும் அரசாங்கத்துக்கு அனுப்பணும். அவர் எழுதலைன்னா நானே மூஞ்சியப் பாத்து இனத்தைக் குறிக்கணுமாம்,” என்று கடன் அதிகாரி திருமதி நோவக் என்னிடம் ஆங்கிலத்தில் சொல்கிறாள். ஆங்கிலம் தெரியாத அப்பாவுக்கு அதை நான் ஸ்பானிஷில் சொல்லவில்லை. அவள் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து அவரைப் பார்க்கிறாள். அப்பா கூச்சத்தோடு சிரிக்கிறார். “ஏய் எல்வா, இந்தம்மா என்ன இப்படிப் பாக்குது? மூஞ்சியில மாவு ஒட்டியிருக்கா?” “ஆமாப்பா, கொஞ்சம்.” இல்லாத மாவை அவர் கைக்குட்டையால் கன்னம் சிவக்கத் துடைக்கிறார். பேனா கட்டத்தில் இறங்குகிறது. “போயிடுச்சா?” என்று முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்.