குவாரி ராஜா நல்லவனாகிறான்

"இனி வில்லன் வேசம் எனக்கு வேண்டாம், பிபினே. ஒருக்க கெட்டிட்டு நான் பட்டது போதும்."

டெம்போவில் வாழைக்குலைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார் ஜெயச்சந்திரன். குன்னத்துகாலில் இருந்து நெய்யாற்றின்கரை சந்தைக்கு லோடு போக வேண்டும். டைரக்டர் பிபின் விடுவதாக இல்லை.

"அண்ணன் இல்லாம ரெண்டாம் பாகம் எப்படி எடுக்கியது? பறக்கும் தங்கையனுக்கு உள்ள ஒரே எதிரி குவாரி ராஜாதானே. ஜனங்க கேக்கியது அண்ணனையாக்கும்."

"ஜனங்க கேப்பாவ. சின்னப் பிள்ளையள் கேக்குமா?"



முதல் பாகம் வருவதற்கு முன்னால் ஜெயச்சந்திரன் பாறசாலையில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் மலை மாதிரி இருப்பார், குரல் இடி மாதிரி. ஆனால் குட்டிப் பிள்ளைகள் அவர் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடும். யு.கே.ஜி. படிக்கும் அபிஷாவுக்கு அவர் சீட்டுக்கு நேர் பின்னால்தான் உட்கார வேண்டும். வேறு யாராவது அங்கே இருந்துவிட்டால் அன்றைக்கு அழுகைதான்.

அப்படி இருக்கும்போதுதான் அவர் குவாரி ராஜாவாக நடித்த படம் வந்தது. பறக்கத் தெரிந்தும் இறங்கத் தெரியாத தங்கையன், தென்னை உச்சியில் மாட்டிக்கொண்டு ஏணி கேட்டதைப் பார்த்து, குடும்பம் குடும்பமாகச் சிரித்தார்கள். கடைசியில் தங்கையன் குவாரி ராஜாவை மலை உச்சியில் இருந்து தள்ளிவிட்டபோது தியேட்டரே கைதட்டியது. ஜெயச்சந்திரனும் சேர்ந்து தட்டினார்.

படம் பார்த்த மறுநாள் காலையில் ஹாரன் சத்தம் கேட்டு ஓடிவந்த அபிஷா, அவரைக் கண்டதும் வீலென்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். அவளைப் பார்த்து மற்ற குட்டிகளும் கத்தத் தொடங்கின. பிள்ளைகள் பயப்படுகிற ஆளை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? வேன் வேறொருவர் கைக்குப் போனது.

"மீசைய வழிச்சேன்," என்றார் ஜெயச்சந்திரன். "வெள்ளை வேட்டியும் சட்டையும் உடுத்திட்டு, மிட்டாயும் வாங்கிட்டு அபிஷாக்க வீட்டுக்கே போனேன். அது கதவுக்குப் பின்னால நிண்ணு எனக்க காலையே பாத்துட்டு நிக்குது. முகத்தைப் பாக்கவே இல்ல. காலத்த எந்திச்சா அந்தக் குட்டியளுக்க சத்தம் இல்லாம எனக்கு விடியமாட்டேங்குதுடே."

பிபின் வாழைக்குலைகளில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தபடி யோசித்தான்.

"செரி அண்ணா. இந்தப் பாகத்துல குவாரி ராஜாவ நல்லவனாக்கிருவோம். தங்கையனுக்க கூட்டுக்காரன்."

"உள்ளதாட்டா?" என்று நம்பாமல் கேட்டார் ஜெயச்சந்திரன்.

"மலையில இருந்து விழுந்தவன எப்படித் திருப்பிக் கொண்டு வாறதுண்ணு மண்டைய ஒடச்சு, அதுக்கே ஒரு வழி கண்டாச்சு. இது என்ன பெரிசு?"

"அப்பம் உடுப்பு வெள்ளையா இருக்கணும். தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை. பாத்த உடனே பிள்ளையளுக்கு மனசிலாகணும், ஆள் நல்லவன்னு."

வேலை நின்றுபோன ஒரு குவாரியில் ஷூட்டிங் தொடங்கியது. உடுப்பு தைத்தது அபிஷாவின் அம்மா ஜிஜாதான். அளவு சரிபார்க்க சனிக்கிழமை வந்தபோது மகளையும் கூட்டி வந்திருந்தாள்.

வெள்ளை அங்கியும் பவுடர் அப்பிய முகமுமாக ஜெயச்சந்திரன் அபிஷாவைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். அவள் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நான் நல்லவனாயாச்சு மக்கா. இனி யாரையும் அடிக்கமாட்டேன்."

"மாமன் இப்பம் தங்கையன் கட்சியாக்கும், பாரு பிள்ளே," என்று ஜிஜாவும் சொல்லிப் பார்த்தாள். துப்பட்டா அசையவில்லை. வெறும் நடிப்புத்தானே என்று வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் இதே கதைதான் என்றாள் அவள். ஜெயச்சந்திரன் தன் அங்கியைக் குனிந்து பார்த்தார். வெள்ளை உடுப்பும் உதவவில்லை என்றால் இனி என்னதான் செய்வது?

ஷாட் தயாரானது. கயிற்றில் தொங்கிப் பறந்துவரும் தங்கையனைக் குவாரி ராஜா கைகளில் ஏந்த வேண்டும். கிரேன்காரர் கயிற்றைக் கொஞ்சம் வேகமாக விட்டுவிட்டார். பலாப்பழம் விழுந்தது போல் தங்கையன் அவர் நெஞ்சில் வந்து விழ, இரண்டு பேரும் கருங்கல் சல்லியில் உருண்டார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

தங்கையன் எழுந்தார். ஜெயச்சந்திரன் எழவில்லை. முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துணி கிழிந்து ரத்தம் பரவியது. "அய்யோ, சோரை வருதே!" என்று பிபின் மருந்துப் பெட்டியைத் தேடி ஓடினான்.

அவருக்கு முன்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. நிமிர்ந்தார். அபிஷா.

ஜெயச்சந்திரன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அசைந்தால் ஓடிவிடுவாள்.

"வேதனை எடுக்குதா?" என்று கேட்டாள்.

"நல்லா எடுக்குது மக்கா."

அவள் குனிந்து முழங்காலை மெல்லத் தொட்டாள். விரல் நுனியில் ஒட்டிய சிவப்பை உற்றுப் பார்த்தாள். பிறகு சட்டென்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஜிஜாவைப் பார்த்துக் கூவினாள்:

"அம்மா, பேய்க்குச் சோரை வராதுல்லா? வேன் மாமன் அண்ணைக்கு மலையில இருந்து விழுந்து சாவவே இல்லம்மா!"