அம்மா போட்ட சோறு

டாக்டர் மின், நாரேயின் தொடையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

இந்த முறை விரல்களுக்கு நடுவே சதை நின்றது.

"பரவாயில்லையே, நல்லா போட்டிருக்கு!" என்று சிரித்தார்.

"என் கை வலி எனக்குத்தான் தெரியும் டாக்டர். பொங்கிப் பொங்கி இடுப்பு விட்டுப்போச்சு," என்றாள் நாரேயின் அம்மா கும்சுக். மகள் பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் அவள் முகம் மலர்ந்திருந்தது.

நாரே மட்டும் சிரிக்கவில்லை.

திரைக்குப் பின்னால் போய் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கை எதையாவது பிய்க்கத் தேடியது. கால் தானாக ஆடியது.

"காலை ஆட்டாதடி. இருக்கிற அதிர்ஷ்டமும் உதிர்ந்து போயிடும்," என்று கும்சுக் அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அழகு ஆபரேஷன் ஆஸ்பத்திரிகள் நிறைந்த அப்குஜொங் தெருவில் இப்படி அம்மாவும் பெண்ணுமாக ஏறி இறங்குகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூக்குக்கு ஒரு மாடி, கண் மடிப்புக்கு ஒரு மாடி, இது மார்புக்கு.

போன தடவை வந்தபோது இதே டாக்டர் கையை விரித்துவிட்டார். மார்பில் வைக்கக் கொழுப்பு வேண்டும். அதை அவளுடைய தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோதான் உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்க இவளிடம் என்ன இருக்கிறது? கொஞ்ச நாள் நன்றாகச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கும்சுக் அதை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

சந்தையில் கிம்ச்சி ஊறுகாயும் தொடுகறிகளும் விற்கிற கடை அவளுடையது. பாதித் தெரு அவள் கைப்பக்குவத்தில்தான் சோறு தின்கிறது. பெற்ற மகளுக்கு மட்டும், சின்ன வயதில் பாலே வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து அளந்து போட்ட சோறு. காலையில் எழுந்ததும் எடை மெஷின். முள் கொஞ்சம் நகர்ந்திருந்தால் ராத்திரிக்கு வெறும் வெள்ளரிக்காய். முழங்கால் போய் நடனம் நின்ற பிறகும் மெஷின் நிற்கவில்லை. நடனத்துக்கு இருந்த இடை கல்யாணத்துக்கும் இருக்க வேண்டுமாம்.

கும்சுக் கெட்டவள் இல்லை. மகளை யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று தன் உயிரை வாங்கிக்கொண்டு, மகள் உயிரையும் வாங்கினாள், அவ்வளவுதான்.

அப்படியும் கல்யாணத் தரகுக்காரி ஒருத்தி குறை சொல்லித் தொலைத்தாள். முகம் அழகுதான், மார்புதான் செங்குத்துப் பாறைபோல் தட்டையாக இருக்கிறது என்றாள். அதில் வந்த வினைதான் இது.

அந்த வினையில்தான் நாரே முதன்முதலாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

கும்சுக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து எதிரே உட்காருவாள். கானாங்கெளுத்தியை முள் எடுத்து, மகள் அள்ளித் தூக்கிய சோற்றுக் கரண்டியின் மேலேயே வைப்பாள். பன்றிக்கறியை வாட்டி லெட்டூஸ் இலையில் சுருட்டி, ஆ காட்டு என்பாள். ஒருநாள் வாய் நிறைய மென்றுகொண்டே நாரே அழுதுவிட்டாள். கறி காரமா என்று கேட்டாள் கும்சுக். ஆமாம் என்று நாரே சொல்லி வைத்தாள்.

மார்பு பெரிதாவதில் அவளுக்கு ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டால் சோறும் போதும் என்று ஆகிவிடுமே என்பதுதான் அவள் பயம்.

இன்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிறகு அவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். இதில் அளவு ஒரு சுற்றுதான் கூடும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. வைக்கிற கொழுப்பில் பாதிவரைகூட உடம்பே கரைத்துக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்னொரு முறை செய்ய வேண்டியும் வரலாம்.

கும்சுக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"அப்புறம் முக்கியமா ஒண்ணு," என்றார் டாக்டர். "அங்க வைக்கிறதும் மத்த கொழுப்பு மாதிரிதாம்மா. பொண்ணு இளைச்சா அதுவும் இளைச்சிடும்."

தலையாட்டல் நின்றது.

"ஆபரேஷன் முடிஞ்சதும் பழையபடி இளைக்க வெச்சிடலாம்னு இருந்தேனே! இப்படியேவா விட்டு வைக்கிறது?" கும்சுக் மகளை மேலிருந்து கீழே பார்த்தாள். "அப்ப மார்புக்குள்ள வெக்கிறாங்களே சிலிக்கான் பை, அதையே வெச்சிடுங்க. அது இளைக்காதுல்ல?"

"இளைக்காது. அதுக்கு வேற தொல்லைங்க உண்டு. ஆனா இதைவிடப் பெரிசா வரும்."

"அப்ப அதையே..."

"வேணாம்," என்றாள் நாரே.

அம்மாவின் பேச்சை அவள் குறுக்கே வெட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டாக்டர் நாரேயின் பக்கம் திரும்பினார். "உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும். கொழுப்புன்னா அவ்வளவா பெரிசாத் தெரியாது, பாதி கரைஞ்சும் போகலாம். தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரியும்."

"பைன்னா பயமா?"

நாரே இல்லை என்று தலையசைத்தாள். அம்மா இருந்த பக்கம் திரும்பாமல், மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இளைச்சா போயிடும்னு சொன்னீங்களே டாக்டர், அதை அம்மாவுக்கு இன்னொரு தடவை சொல்லுங்க."